நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்

தண்டுவடத்துக்குள் ஓடும் நரம்பிழைகள் அறுந்தால் மீண்டும் வளர்ந்து சேர்வதில்லை. அதிலிருந்து புறப்பட்டுக் கைகால்களுக்கும் தோலுக்கும் செல்லும் புற நரம்புகள் வளர்கின்றன. நரம்பு மண்டலத்தில் இந்தப் பகுதிக்கு மட்டும் அறுந்த பிறகும் நீண்டு இலக்கைத் தேடிப் போகும் திறன் இருக்கிறது. ஆனால் அந்த வளர்ச்சி மிக மெதுவானது. நரம்பு போய்ச் சேர்வதற்குள் அதற்காகக் காத்திருக்கும் தசை பட்டுப்போய்விடலாம். புற நரம்புக் காயத்துக்கான சிகிச்சை முழுவதும் இந்தக் கால நெருக்கடியைச் சமாளிப்பதற்காகவே உருவானது.

இத்தகைய காயம் எப்படியெல்லாம் ஏற்படும் என்பதற்குத் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரையிலான ஜி.எஸ்.டி. சாலை ஒன்றே போதுமான சான்று. பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி பக்கம் பைக்கிலிருந்து தூக்கியெறியப்படுபவரின் தோள் தரையில் மோதும்போது தலை ஒரு பக்கமும் தோள் மறுபக்கமும் இழுபடுகின்றன. ஹெல்மெட் உயிரைக் காப்பாற்றிவிடும். கைக்குச் செல்லும் நரம்புகளோ கழுத்தருகே வேரோடு பிய்ந்திருக்கும். மறைமலை நகர்ப் பக்கத்து உதிரிபாகப் பட்டறைகளில் பிரஸ் மெஷினுக்குள் கை சிக்கினால் நரம்பு நசுங்கும். வீட்டில் கண்ணாடி உடைந்து மணிக்கட்டைக் கிழித்தால் நேர்கோடாக அறுபடும். பிட்டத்தில் இடம் தவறிப் போட்ட ஊசியால் பாதம் தொங்கிப்போன குழந்தைகள் உண்டு. எலும்பு முறிவுக்கு அளவுமீறி இறுக்கிய கட்டினால் ரத்த ஓட்டம் நின்று, தசையும் நரம்பும் சேர்ந்து செத்துப்போன கைகளும் உண்டு. இவற்றுக்கெல்லாம் மேலாக, கத்தியோ விபத்தோ இல்லாமல் நரம்பை அரிக்கும் நோய் ஒன்று இருக்கிறது. அது தொழுநோய். அதனால் மடங்கிப்போன கைகளுக்கு விடிவு பிறந்த கதையில் செங்கல்பட்டுக்கு ஒரு முக்கியமான இடம் உண்டு.

ஒரு நரம்பு என்பது ஆயிரக்கணக்கான நுண்ணிழைகளின் கட்டு. ஒவ்வொரு இழையும் ஒரு நரம்புச் செல்லின் நீண்ட வால். அதன் பெயர் ஆக்ஸான். தசையை இயக்கும் செல்லின் உடல் தண்டுவடத்துக்குள் இருக்கும். தொடுதலையும் வலியையும் உணரும் செல்லின் உடல் தண்டுவடத்தை ஒட்டிய சிறு முடிச்சில் இருக்கும். இடுப்பருகே இருக்கும் ஒரு செல்லின் இழை கால்விரல் வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் ஓடுகிறது. ஒவ்வொரு இழையையும் வழிநெடுக ஷ்வான் செல்கள் அணைத்திருக்கின்றன. பருத்த இழைகளுக்கு அவை மையலின் என்ற கொழுப்பு உறையைச் சுற்றிவிடுகின்றன. இழைக்கு ஒரு மெல்லிய குழாய், இழைக் கொத்துக்கு ஒரு உறை, எல்லாக் கொத்துகளுக்கும் சேர்த்து வெளியே இன்னொரு உறை. இந்த மூன்று அடுக்குகளில் எது உடைந்தது, எது தப்பியது என்பதில்தான் குணமாகும் வாய்ப்பு அடங்கியிருக்கிறது.

நரம்பு அறுந்ததும் காயத்துக்குக் கீழே உள்ள பகுதி அழியத் தொடங்குகிறது. செல்லின் உடலிலிருந்து வரவேண்டிய ஊட்டம் நின்றுவிடுவதே காரணம். 1850-இல் ஆகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்புகளை அறுத்துப் பார்த்து இதை விவரித்தார்; இன்றும் இந்த அழிவு அவர் பெயராலேயே அறியப்படுகிறது. அழிவு என்று சொன்னாலும் இது பழுதுபார்ப்பின் முதல் கட்டம். ஷ்வான் செல்களும் ரத்தத்திலிருந்து வரும் விழுங்கு செல்களும் சிதைந்த இழையையும் மையலினையும் சில வாரங்களில் அப்புறப்படுத்துகின்றன. பிறகு ஷ்வான் செல்கள் பெருகி, காலியான குழாய்களுக்குள் வரிசையாக நின்று வளர்ச்சி ஊக்கிகளைச் சுரக்கின்றன. மேலே உயிரோடு இருக்கும் நுனி முளைவிட்டு அந்த வரிசையைப் பற்றிக்கொண்டு கீழே இறங்குகிறது. தண்டுவடத்தில் இந்த உதவி கிடைப்பதில்லை. அங்குள்ள சூழலே வளர்ச்சியைத் தடுக்கிறது. 1981-இல் கனடாவில் டேவிட், அகுவாயோ என்ற இரு ஆய்வாளர்கள் எலியின் தண்டுவடத்தருகே புற நரம்புத் துண்டு ஒன்றைப் பொருத்தியபோது, வளராதவை என்று கருதப்பட்ட இழைகள் அதற்குள் புகுந்து வளர்ந்தன. குறை இழையிடம் இல்லை, அது போகும் பாதையில் இருக்கிறது என்பது அப்போது தெளிவானது.

புற நரம்பின் வளர்ச்சி வேகம் சராசரியாக நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர். மாதத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம். குழந்தைகளுக்கு வேகம் சற்று அதிகம். மணிக்கட்டில் அறுந்த நரம்பு உள்ளங்கைத் தசைகளை எட்ட மூன்று நான்கு மாதம் போதும். முழங்கையில் அறுந்தால் பத்து மாதத்துக்கு மேல் ஆகும். கழுத்தருகே அறுந்தால் விரல்களை ஆட்டும் சிறு தசைகள் வரை எழுபது சென்டிமீட்டர் அளவுக்குப் பயணம். கணக்குப்படி ஏறத்தாழ இரண்டு ஆண்டு. நரம்புத் தொடர்பை இழந்த தசையோ மெலிந்து கொழுப்பாகவும் நாராகவும் மாறிவருகிறது. பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதத்துக்குள் நரம்பு வந்து சேரவில்லை என்றால், பிறகு வந்தாலும் அந்தத் தசை பெரும்பாலும் இயங்குவதில்லை. தோலின் உணர்வு இவ்வளவு சீக்கிரம் கைவிடுவதில்லை. ஓரிரு ஆண்டு கழித்தும் திரும்பலாம். “பார்க்கலாம், தானாகச் சரியாகும்” என்று சொல்லிக் கழிக்கும் ஒவ்வொரு மாதமும் இந்தக் கணக்கிலிருந்துதான் கழிகிறது.

எல்லா நரம்புக் காயத்துக்கும் கத்தி தேவையில்லை. இரண்டாம் உலகப் போரில் காயமுற்றவர்களுக்குச் சிகிச்சை அளித்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஹெர்பர்ட் செடன் 1943-இல் வகுத்த மூன்று தரங்கள் இன்றும் பயன்படுகின்றன. முதல் தரத்தில் இழை அறுவதில்லை. அழுத்தத்தால் மையலின் மட்டும் கெட்டு, செய்தி நின்றுபோகிறது. நாற்காலியின் முதுகுச் சட்டத்தில் கையைத் தொங்கவிட்டுத் தூங்கி எழுந்தவருக்கு மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போவது இந்த வகை. சில நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முழுதாகக் குணமாகும். இரண்டாம் தரத்தில் இழைகள் அறுந்திருக்கும், குழாய்கள் தப்பியிருக்கும். பாதை சரியாக இருப்பதால் இழைகள் தம் பழைய இடத்துக்கே வளர்ந்து சேரும். மேற்கை எலும்பு முறியும்போது அதை ஒட்டிச் செல்லும் ரேடியல் நரம்பு செயலிழப்பதுண்டு. அதில் பெரும்பாலானவை இந்த இரு தரங்களைச் சேர்ந்தவை, தாமாகவே மீள்பவை. மூன்றாம் தரத்தில் நரம்பே துண்டாகிவிடும், அல்லது நடுவில் தழும்பு அடைத்துக்கொள்ளும். முளைவிட்ட இழைகள் வழி தெரியாமல் அங்கேயே சுருண்டு, தொட்டால் உயிர் போகும் வலிதரும் கட்டியாகிவிடும். இதை அறுவை சிகிச்சை இல்லாமல் சரிசெய்ய முடியாது. ஆஸ்திரேலியரான சிட்னி சண்டர்லண்ட் 1951-இல் இவற்றை ஐந்து படிகளாக விரித்தார்.

சிக்கல் என்னவென்றால், முதல் நாளில் பார்க்கும்போது மூன்று தரமும் ஒன்றுபோலவே இருக்கும். விரல் மரத்திருக்கும், அசையாது, அவ்வளவுதான். ஆகவே காயம் பட்ட விதத்தை வைத்தே மருத்துவர் முடிவெடுக்கிறார். கண்ணாடியோ கத்தியோ கிழித்து, அதற்குக் கீழே உணர்வு இல்லையென்றால் நரம்பு அறுந்திருக்கிறது என்றே கொண்டு ஓரிரு நாளில் திறந்து தைக்க வேண்டும். மெஷினில் நசுங்கியோ பிய்ந்தோ அறுந்திருந்தால், எவ்வளவு தூரம் நரம்பு செத்திருக்கிறது என்பது தெளிய இரண்டு மூன்று வாரம் விடுவது உண்டு. தோல் கிழியாத காயமென்றால் மூன்று மாதம் வரை பார்த்திருந்து, மீளும் அறிகுறி இல்லாவிட்டால் திறப்பார்கள்.

காத்திருக்கும் காலத்தில் மாதந்தோறும் சோதிக்க வேண்டும். நரம்பின் வழியே விரலால் மெல்லத் தட்டிக்கொண்டு வந்தால் ஓர் இடத்தில் சுரீரென்று மின்சாரம் பாய்வது போல இருக்கும். வளரும் நுனி அங்கே வந்துவிட்டது என்று பொருள். 1915-இல் பிரான்சில் டினெல், ஜெர்மனியில் ஹாஃப்மன் என இருவர் போர்முனையின் இரு பக்கங்களிலும் இதைத் தனித்தனியே எழுதினர். அந்த இடம் மாதம் ஓர் அங்குலமாகக் கீழே இறங்கினால் நம்பிக்கை கொள்ளலாம். நின்ற இடத்திலேயே நின்றால் தடை இருக்கிறது. நரம்பில் மின்சாரம் பாய்ச்சியும் தசையில் ஊசி செருகியும் செய்யும் சோதனைகளும் உதவும். ஆனால் முதல் வாரத்திலேயே அவற்றைச் செய்தால் ஏமாற நேரிடும். அறுந்த நரம்பின் கீழ்த்துண்டு சில நாள் வரை மின்சாரத்தைக் கடத்திக்கொண்டுதான் இருக்கும். மூன்று வாரம் கழித்துச் செய்யும் சோதனையே நம்பத்தக்கது.

அறுந்த நரம்பைத் தைப்பது உருப்பெருக்கியின் கீழ் நடக்கும் வேலை. தலைமுடியைவிட மெல்லிய நைலான் இழையால் வெளியுறையை மட்டும் கோத்து, உள்ளே இருக்கும் கொத்துகள் எதிரெதிரே பொருந்துமாறு வைக்கிறார்கள். தையலில் இழுவிசை இருக்கவே கூடாது. இழுத்துக் கட்டிய நரம்பில் ரத்த ஓட்டம் குறைந்து தழும்பே மிஞ்சும். இடைவெளி அதிகமென்றால் கணுக்காலின் வெளிப்புறம் ஓடும் சூரல் என்ற உணர்வு நரம்பை எடுத்து, துண்டுகளாக்கி, பாலமாக வைக்கிறார்கள். அதை இழப்பதால் பாதத்தின் ஓரம் சிறிது மரத்துப்போகும், வேறு குறையில்லை. வைக்கப்பட்ட துண்டு செய்தி எதையும் கடத்துவதில்லை. வளரும் இழைகளுக்கு ஷ்வான் செல்கள் நிரம்பிய வழியைத் தருவதே அதன் வேலை. இழுவிசை இல்லாமல் ஒட்டுவைக்கும் இந்த முறையை 1970-களில் வியன்னாவின் ஹன்னோ மில்லெசி நிலைநிறுத்தினார்.

பைக் விபத்தில் தண்டுவடத்திலிருந்தே வேர் பிய்ந்துவிட்டால் தைப்பதற்கு மேல்நுனியே இருக்காது. அப்போது ஆரோக்கியமான வேறொரு நரம்பின் ஒரு பகுதியைத் திருப்பிவிடுகிறார்கள். 1994-இல் பாரிஸைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் ஓபர்லின் விவரித்த முறையில், விரல்களுக்குச் செல்லும் அல்நார் நரம்பிலிருந்து ஓர் இழைக்கொத்தைப் பிரித்து, முழங்கையை மடக்கும் தசையின் அருகிலேயே இணைக்கிறார்கள். கழுத்திலிருந்து அந்தத் தசை வரையிலான நீண்ட பயணம் சில சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுவதே இதன் சிறப்பு. கால நெருக்கடிக்கு இதைவிட நேரான விடை இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் சுவாச நரம்புகளையும் இப்படிக் கைக்குத் திருப்பலாம். அப்படிச் செய்துகொண்டவர் முதலில் மூச்சை ஆழ இழுத்தால்தான் முழங்கை மடங்கும். மாதங்கள் செல்லச் செல்ல மூளை புதிய வழியைப் பழகிக்கொள்ள, மூச்சு வேறு கை வேறாகப் பிரிந்துவிடும். விபத்திலிருந்து மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் செய்தால்தான் இவை நன்றாகப் பலனளிக்கும்.

இதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து யாரும் வெளியே போக வேண்டியதில்லை. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி உருவாக்கிய கை அறுவை சிகிச்சைப் பிரிவு நாடறிந்தது. 2018 பிப்ரவரியில் அங்கே இரு கைகளையும் இழந்த ஒருவருக்கு மாற்றுக் கைகள் பொருத்தப்பட்டன. அப்படிப் பொருத்திய கையில் உணர்வு வருவதும் இதே மில்லிமீட்டர் வளர்ச்சியால்தான். கைக்குச் செல்லும் நரம்புகள் கழுத்தருகே பின்னிக்கொள்ளும் தோள் நரம்புப் பின்னலின் காயங்களுக்குக் கோவை கங்கா மருத்துவமனை முக்கிய மையமாக இருக்கிறது. கே.கே. நகரில் உள்ள அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்தில் உடற்பயிற்சி சிகிச்சையும் தாங்கு கட்டைகளும் கிடைக்கின்றன.

நரம்பு வரவே வராது என்றான பிறகும் கை வீணாக வேண்டியதில்லை. இந்தப் பாடத்தை உலகுக்குத் தந்த வேலை தொடங்கிய இடம், தாம்பரத்திலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தெற்கே, செங்கல்பட்டை அடுத்த திருமணி. அங்கே லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்தது. 1955-இல் மத்திய அரசு அதை ஏற்று, மத்திய தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையமாக்கியது. தொழுநோய்க் கிருமி ஷ்வான் செல்லுக்குள்ளேயே குடியேறும் தன்மை கொண்டது. உடலில் குளிர்ச்சியான இடங்களை நாடும். அதனால் தோலுக்கு அருகே ஓடும் நரம்புகள், குறிப்பாக முழங்கையின் பின்புறம் அல்நார் நரம்பு, வீங்கிக் கெடுகின்றன. மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்து உள்நோக்கி மடங்குகின்றன. கையின் இன்னொரு நரம்பான மீடியனும் கெட்டால் எல்லா விரல்களும் மடங்கி, கட்டைவிரலும் எதிர்வந்து பிடிக்காது.

1947-இல் தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேனின் அழைப்பின் பேரில் திருமணிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், விரல்கள் மடங்கிய ஒரு நோயாளியின் கைக்குள் தம் கையை வைத்து அழுத்தச் சொன்னார். பிடி பலவீனமாக இருக்கும் என்று நினைத்தவருக்கு வலித்தது. முன்கையின் பெரிய தசைகள் நல்ல வலுவோடு இருந்தன. உள்ளங்கையின் சிறு தசைகள் மட்டுமே செயலிழந்திருந்தன. வலுவான ஒரு தசையின் நாணைப் பிரித்து, செயலிழந்த தசையின் வேலைக்கு மாற்றிக் கட்டலாம் என்ற எண்ணம் அதிலிருந்து பிறந்தது. தொழுநோயாளியின் உடலில் கத்தி பட்டால் ஆறாது என்று அன்று பலர் நம்பினர். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பிராண்ட், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அந்த நம்பிக்கையைத் தம் அறுவைகளால் முறியடித்தார். மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளில் ஒன்றை நான்கு கிளை நாண்களால் நீட்டி நான்கு விரல்களுக்கும் இணைக்கும் முறை அவர் பெயரால் வழங்குகிறது. பிச்சைப் பாத்திரத்தைத் தவிர வேறெதையும் பிடிக்க வழியில்லாத கைகள் அதன் பிறகு பேனா பிடித்தன, தச்சு வேலை செய்தன. இன்று விபத்தில் ரேடியல் நரம்பை இழந்து மணிக்கட்டு தொங்கும் தொழிலாளிக்கும் இதே தத்துவப்படி நாண் மாற்றம் செய்யப்படுகிறது. மருத்துவ வரலாற்றில் தமிழ் மண்ணின் பங்கு என்று பெருமையோடு சொல்ல வேண்டியவற்றில் இது முன்வரிசையில் நிற்கிறது.

பிராண்ட் கண்ட இன்னொரு உண்மை அதைவிடப் பெரியது. தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் சுட்டும் வெட்டியும் நசுக்கியும் இழக்கப்படுகின்றன. நரம்பு அறுந்த எல்லாக் கைகளுக்கும் இது பொருந்தும். உணர்வு திரும்பும் வரை அந்தக் கையைக் கண்தான் காவல் காக்க வேண்டும். சூடான டம்ளர், அடுப்பு, பைக்கின் சைலன்சர், கொதிக்கும் ஒத்தடம் எல்லாமே ஆபத்து. மரத்த கைக்கு உணர்வு வரட்டும் என்று சுடச்சுட எண்ணெய் தேய்த்துக் கொப்புளத்தோடு வருவோர் இன்றும் இருக்கிறார்கள். அந்த அன்பான வைத்தியத்தைத் தயவுசெய்து விட்டுவிட வேண்டும். தொழுநோயில் இப்போதெல்லாம் ஊனம் வரை போக வேண்டியதே இல்லை. கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். நரம்பு கெடத் தொடங்கி ஆறு மாதத்துக்குள் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினால் பலருக்கு இழந்த செயல் மீள்கிறது.

தையல் போட்டதும் சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. பாதி வேலை அதற்குப் பிறகுதான். நரம்பு வந்து சேரும் நாளில் மூட்டு இறுகியிருந்தால் பயனில்லை. ஆகவே எல்லா மூட்டுகளையும் தினமும் மற்றக் கையால் முழுதாக அசைத்துவர வேண்டும். தொங்கும் மணிக்கட்டுக்கும் பாதத்துக்கும் தாங்கு கட்டை அணிய வேண்டும். உணர்வு திரும்பும்போது அது தாறுமாறாகத்தான் திரும்பும். இழைகளில் பல வேறு குழாய்க்குள் போயிருக்கும்; சுட்டுவிரலைத் தொட்டால் நடுவிரலில் தெரியும். கண்ணைத் திறந்து பார்த்தும் பிறகு மூடியும் துணி, அரிசி, சாவி, நாணயம் என்று தடவித் தடவிப் பழகினால் மூளை புதிய வரைபடத்தைக் கற்றுக்கொள்ளும். சிறுவர்கள் இதில் வியக்கத்தக்க வேகத்தில் தேறுகிறார்கள். நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பொறுமை கூடுதலாக வேண்டும். எரிச்சலும் குத்தலும் தாங்க முடியாவிட்டால் அதற்கென்றே காபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள் உண்டு. சாதாரண வலி மாத்திரைகள் கேட்பதில்லை. ‘நரம்புச் சத்து’ என்று கடையில் வாங்கும் பி12 மாத்திரை, அந்தச் சத்துக் குறைவு உள்ளவருக்குப் பயன்படும். அறுந்த நரம்பை அது ஒட்டவைக்காது. புகைப்பது நரம்புக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும் என்பதால் அதை நிறுத்துவது எந்த மாத்திரையையும்விட நல்லது.

தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் விபத்துக்குள்ளானவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. உயிர் பிழைக்கவைக்கும் அந்த அவசரத்தில் ரத்தப்போக்கும் எலும்பும் முதலில் கவனிக்கப்படுவது நியாயமே. நரம்பு அடுத்த நாளாவது கவனிக்கப்பட வேண்டும். காயத்தைத் தைப்பதற்கு முன்பு விரல்நுனிகளைத் தொட்டுக் கேட்பதற்கும், கட்டைவிரலைத் தூக்கவும் விரல்களை விரிக்கவும் சொல்லிப் பார்ப்பதற்கும் ஒரு நிமிடம் போதும். எந்த அரசு மருத்துவமனையானாலும் எந்தத் தனியார் மருத்துவமனையானாலும் அந்த ஒரு நிமிடம் தவறினால் நோயாளிக்கு மாதங்கள் நட்டமாகிவிடும். விபத்துக்குப் பிறகு கையோ காலோ மரத்திருந்தால், விரலோ பாதமோ தூக்க வராவிட்டால், கட்டுப் பிரிக்கும் நாள் வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம், “நரம்பு எப்படி இருக்கிறது, எப்போது மறுபடி சோதிக்க வேண்டும்?” என்று கேட்டு, பதிலை மருத்துவச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.